லியோன் ஃப்ளைஷரின் வலது கை: பயிற்சியே விரல்களைப் பூட்டிய கதை

1964ல் லியோன் ஃப்ளைஷருக்கு வயது 36. அமெரிக்காவின் முதல் வரிசைப் பியானோ கலைஞர்களில் ஒருவர். சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஆர்தர் ஷ்னாபெலிடம் சீடராகச் சேர்ந்தவர். ஷ்னாபெலின் ஆசிரியர் லெஷெடிட்ஸ்கி, அவருடைய ஆசிரியர் செர்னி, செர்னிக்குக் கற்றுக்கொடுத்தவர் பீத்தோவன். அப்படியொரு குரு பரம்பரை. 16 வயதில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு மேடையேறினார். 1952ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த ராணி எலிசபெத் போட்டியில் முதல் பரிசு வாங்கினார். ஜார்ஜ் செல் நடத்திய கிளீவ்லாந்து இசைக்குழுவோடு அவர் பதிவு செய்த பீத்தோவன், பிராம்ஸ் கான்செர்ட்டோக்களை (இசைக்குழுவோடு சேர்ந்து ஒரு கலைஞர் முன்னின்று வாசிக்கும் படைப்புகள்) இன்றைக்கும் அளவுகோலாகச் சொல்கிறார்கள்.

அந்த உச்சத்தில்தான் வலது கை சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. முதலில் ஆள்காட்டி விரலில் ஒரு மந்தம். ஓராண்டுக்குள் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டன. விரல் மந்தமானால் எந்த இசைக்கலைஞரும் செய்வதைத்தான் அவரும் செய்தார்: சாதகத்தைக் கூட்டினார். இந்த நோயைப் பொறுத்தவரை அதைவிடக் கெடுதலான மருந்து கிடையாது. ஆனால் அதைச் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை. மருத்துவர் மாற்றி மருத்துவரைப் பார்த்தார். முப்பது ஆண்டுகள் தேடல் நீண்டது.

நோயின் பெயர் ஃபோகல் டிஸ்டோனியா. கை தசைக்கோ எலும்புக்கோ இதில் பழுது இல்லை. கோளாறு இருப்பது மூளையில்.

கையை மேசைமேல் பதித்துக்கொண்டு மோதிர விரலை மட்டும் தூக்கிப் பாருங்கள். பக்கத்து விரல்களும் கூடவே எழப் பார்க்கும். புறங்கையில் இந்த விரல்களை நீட்டும் தசைநாண்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. அதனால் மோதிர விரலைத் தனியாக ஆட்டுவது கடினம். அந்த விரலால் பியானோவின் ஒரு கட்டையை அழுத்தும்போது மூளை இரண்டு வேலை பார்க்கிறது: அந்த விரலுக்குக் கட்டளை தருகிறது, அதே நொடியில் சுற்றியுள்ள விரல்களின் தசைகளை அடக்கி வைக்கிறது. கட்டளையைவிட அடக்குவதுதான் நுட்பமான வேலை. டிஸ்டோனியா வந்தவர்களுக்கு இந்த அடக்குதல் தளர்ந்துவிடுகிறது. மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. கை தனக்கு எதிராகத் தானே இழுத்துக்கொண்டு நிற்கிறது.

ஏன் தளர்கிறது? நம் மூளையில் தொடுவுணர்வைப் பதிவு செய்யும் பகுதியில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி இடம் உண்டு, ஊர் வரைபடத்தில் தெருக்கள் மாதிரி. பயிற்சி செய்யச் செய்ய அந்த இடங்கள் மாறும். கலைஞர்களின் திறமைக்கு இந்த மாற்றமும் ஓர் அடிப்படை. ஆனால் இரண்டு விரல்கள் மிக வேகமாக, ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஆயிரக்கணக்கான முறை கட்டையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் மூளையால் அவற்றைப் பிரித்துப் பார்க்க முடியாமல் போகலாம். 1990களில் கலிபோர்னியாவில் நான்சி பில், மைக்கேல் மெர்ஸெனிக் குழுவினர் குரங்குகளுக்கு ஒரே மாதிரியான பிடிப்பசைவைத் திரும்பத் திரும்பச் செய்யப் பழக்கினார்கள். குரங்குகளின் கை கட்டுப்பாடு கெட்டது. ஒரு விரலின் சிறு பகுதிக்கு மட்டும் எதிர்வினை காட்ட வேண்டிய மூளைச் செல்கள் பல விரல்களுக்கும் சேர்த்துக் காட்டின. 1998ல் தாமஸ் எல்பர்ட் குழு டிஸ்டோனியா வந்த இசைக்கலைஞர்களின் மூளையை ஆராய்ந்தபோது, விரல்களுக்கான இடங்கள் வழக்கத்தைவிட நெருங்கியிருந்தன.

பயிற்சி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதே அளவு உழைத்த பெரும்பாலோருக்கு இது வருவதில்லை. தொழில்முறைக் கலைஞர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு வருகிறது. மரபணுவுக்கும் மன அழுத்தத்துக்கும் பங்கு இருக்கிறது. எனக்கு இதில் மிகவும் வலிப்பது, ஒருவரை மேதையாக்கும் மூளையின் அதே இளகும் தன்மைதான் இங்கே மேதையின் கையைப் பூட்டுகிறது என்பது.

ஃப்ளைஷர் நொறுங்கிப்போனார். அப்புறம் இசைக்குழு நடத்துநரானார், ஆசிரியப் பணியில் முழுதாக இறங்கினார், இடது கைக்கான படைப்புகளைக் கையில் எடுத்தார். அப்படிப்பட்டவை பல இருப்பதற்குக் காரணம் பால் விட்கென்ஸ்டைன். முதல் உலகப்போரில் வலது கையை இழந்த அந்த வியன்னா கலைஞர், ராவெல், ப்ரோகோஃபியெவ், பெஞ்சமின் பிரிட்டன் போன்ற இசையமைப்பாளர்களிடம் இடது கைக்கென்றே எழுதி வாங்கினார். ராவெலின் கான்செர்ட்டோவைக் கேட்டால் ஒரு கைதான் வாசிக்கிறது என்று நம்ப முடியாது. அதற்கு ஒரு காரணம் கையின் அமைப்பு: இடது கையில் கட்டைவிரல் மேல்சுரங்களின் பக்கம் விழும். வலுவான அந்த விரல் மெட்டைத் தாங்க, மற்ற விரல்கள் கீழ்ச்சுரங்களுக்குத் தாவிப்போய் வரும். மிதிகட்டை அவற்றின் ஒலியை நிறுத்தி வைக்கும். காது இரண்டையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளும்.

ஆசிரியராக அவர் ஆழம் போனதற்கும் இந்தக் கைதான் காரணம். பியானோ வகுப்பில் மாணவரைத் தள்ளி உட்காரச் சொல்லி வாசித்துக் காட்டிவிடுவது சுலபம். அவரால் அது முடியாது. எனவே ஓர் இசைச் சொற்றொடர் எங்கே மூச்சு விட வேண்டும், ஒரு சுரம் ஏன் அடுத்த சுரத்துக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் வார்த்தையில் சொல்லப் பழகினார். பால்டிமோரின் பீபாடி கல்லூரியில் 1959ல் தொடங்கிய அந்தப் பணி அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. ஆந்த்ரே வாட்ஸ், ஜோனதன் பிஸ் எல்லாம் அவரிடம் படித்தவர்கள்.

1990களில் போடாக்ஸ் வந்தது. முகச்சுருக்கத்துக்குப் போடும் அதே ஊசிதான். நரம்பு முனை அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வெளியிட்டால்தான் தசை சுருங்கும். போடாக்ஸில் இருக்கும் போட்டுலினம் நச்சு நரம்புக்குள் நுழைந்து, அந்த வெளியீட்டுக்குத் தேவையான ஒரு புரதத்தை வெட்டிவிடுகிறது. விரலை உள்ளே இழுக்கும் தசைகளில் மிகக் குறைந்த அளவு செலுத்தினால் அவை தளர்ந்து, நீட்டும் தசைக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. அளவு சற்றுக் கூடினாலும் விரல் பலமிழந்துவிடும், வாசிக்க முடியாது. சில மாதங்களில் நரம்பு மீண்டுவிடுவதால் ஊசியைத் திரும்பப் போட வேண்டும். மூளையின் குழப்பத்தை இது தொடுவதில்லை. குணமாகவில்லை, சமாளிக்கிறேன் என்பதை ஃப்ளைஷரும் மறைக்கவில்லை. ரோல்ஃபிங் என்ற ஆழ்தசைப் பிடித்துவிடலும் உதவியதாகச் சொன்னார்.

2004ல் 'இரு கைகள்' என்ற பெயரில் அவருடைய இசைத்தட்டு வந்தது. அதில் ஷூபர்ட்டின் கடைசி பியானோ சொனாட்டாவும் (தனிப் பியானோவுக்கான நீண்ட படைப்பு) இருக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில், இரண்டு கையாலும் வாசிக்கத் தொடங்கிவிட்ட பிறகும், பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு அவர் ஓர் இடது கைப் படைப்பை அரங்கேற்றினார். 1923ல் விட்கென்ஸ்டைனுக்காக ஜெர்மானிய இசையமைப்பாளர் ஹிண்டமித் எழுதியது அது. விட்கென்ஸ்டைன் அதை ஒருமுறைகூட மேடையில் வாசிக்காமல் பூட்டி வைத்திருந்தார். எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதை முதன்முதலில் வாசித்தவர் 76 வயது ஃப்ளைஷர்.