இயங்குநிலைப் பல பரிமாண அணி

சி என்ற கணினி நிரல்மொழி வகுப்பில் ‘டைனமிக் மல்டி டைமென்ஷனல் அரே’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவார்கள். தமிழில் அதற்கு இந்தப் பெயர். நீளம்தான், ஆனால் பிரித்துப் பார்க்கத் தகுந்தது.

ஒரே வகை மதிப்புகளை வரிசையாக வைத்திருப்பது ‘அரே’. இது பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். ஒழுங்குபடுத்தி நிறுத்துவது என்று பொருள். போருக்குப் படையை நிறுத்துவதையும் அது குறித்தது. தமிழில் ‘அணி’யும் அப்படியே: படை அணி, அணிவகுப்பு. ஆகவே ‘அணி’ நல்ல பொருத்தம். ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டுக் கணக்குப் பாடத்தில் மேட்ரிக்ஸுக்கும் அணி என்றுதான் பெயர். இலங்கையில் அதைத் தாயம் என்பதால் அங்கே இந்தக் குழப்பம் இல்லை. அரேயை ‘அடுக்கு’ என்று எழுதுவோரும் உண்டு. அது வேண்டாம், ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் ஸ்டாக்குக்கு அந்தச் சொல் தேவைப்படுகிறது.

‘பரிமாணம்’ வடமொழிச் சொல், அளவு என்று பொருள். ‘டைமென்ஷன்’ லத்தீனில் அளத்தலிலிருந்து வந்தது. இதில் சண்டைக்கு இடமில்லை.

‘டைனமிக்’ கிரேக்க மொழியில் ஆற்றலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. சி எழுதுபவருக்கு அந்த ஆற்றலால் எந்தப் பயனும் இல்லை. அவர் சொல்ல வருவது, அளவை முன்கூட்டியே எழுதிவைக்காமல், நிரல் (புரோகிராம்) ஓடும்போது நினைவகத்தில் இடம் கேட்டு வாங்குவது. நிரலை ‘இயக்குகிறோம்’ என்பதால், ‘இயங்குநிலை’ என்ற சொல்லில் எப்போது என்பதும் சேர்ந்தே வந்துவிடுகிறது. மூலத்தைவிட இது தெளிவு என்பேன்.

அப்படிக் கேட்டு வாங்கித் தரும் செயற்கூறுதான் (ஃபங்ஷன்) மாலாக், ‘மெமரி அலொகேஷன்’ என்பதன் சுருக்கம். 1979இல் வந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பிலேயே இது கேலாக், ரீஅலாக், வாங்கிய இடத்தை விடுவிக்கும் ஃப்ரீ ஆகியவற்றோடு இருந்தது. ‘அலொகேட்’டின் வேர் லத்தீனில் இடம் என்று பொருள்படும் ‘லோக்கஸ்’. தமிழில் நினைவக ஒதுக்கீடு. ஒதுக்குவது என்றால் பிறர் கை வைக்காதபடி தனியே வைப்பது. மாலாக் செய்வது அதையேதான். ஆனால் ஒதுக்கிய இடத்தை அது துடைத்துத் தராது, பழைய குப்பை அப்படியே கிடக்கும். பூஜ்யம் நிரப்பித் தருவது கேலாக்.

இனி, பெயர் ஏமாற்றும் இடம். சி மொழியில் அணி என்றால் இடைவெளி இல்லாமல் தொடர்ந்து கிடக்கும் நினைவகம். இரு பரிமாண அணி என்பது அணிகளின் அணி. நிரை நிரையாக ஒட்டியே கிடக்கும். (பாடநூலில் நிரை, நிரல் என்பார்கள். புரோகிராமுக்கும் ‘நிரல்’ என்பதால் இங்கே நெடுவரிசை என்றே வைத்துக்கொள்வோம்.) மூன்று நிரை, நான்கு நெடுவரிசை, ஒரு முழுவெண்ணுக்கு 4 பைட் என்றால் மொத்தம் 48 பைட்.

ஆனால் பலர் முதலில் கற்பது ‘டபுள் பாயின்ட்டர்’ வழி. நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரியை வைத்திருப்பது சுட்டு, அதாவது பாயின்ட்டர். மூன்று சுட்டுகளுக்கு ஒரு மாலாக், அப்புறம் நிரைக்கு ஒன்றாக மூன்று மாலாக். 64 பிட் கணினியில் சுட்டுகளுக்கு மட்டும் 24 பைட் கூடுதல். நிரைகள், மாலாக் இடம் எடுக்கும் குவியலில், அதாவது ஹீப்பில், ஆளுக்கொரு மூலையில் கிடக்கலாம். இரண்டு சதுர அடைப்புக்குறி போட்டு எழுதும்போது இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் இதை உண்மையான இரு பரிமாண அணியைக் கேட்கும் செயற்கூறுக்கு அனுப்பினால் விபரீதம்தான். விடுவிக்கும்போதும் நிரைகளை முதலில் ஃப்ரீ செய்துவிட்டு, சுட்டுகளைக் கடைசியில் செய்ய வேண்டும். இதைச் ‘சுட்டு அணி’ என்றே அழைக்கலாம். நிரைக்கு நிரை நீளம் மாற வேண்டுமானால் இதுவே சரியான வழி.

உண்மையான அணிதான் வேண்டுமென்றால் 48 பைட்டையும் ஒரே மாலாக்கில் வாங்கி, நிரை எண்ணை நான்கால் பெருக்கி நெடுவரிசை எண்ணைக் கூட்டி உறுப்பை எடுக்கலாம் (எண்ணுவது பூஜ்யத்திலிருந்து). இல்லையென்றால், ஒரு முழு நிரையைச் சுட்டும் சுட்டை அறிவித்து அதில் வாங்கலாம். பெருக்கலை, நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் பார்த்துக்கொள்ளும். நெடுவரிசை எண்ணிக்கை ஓடும்போதுதான் தெரியும் என்றாலும் இது நடக்கும். சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரம் அதற்கு இடம் தந்தது, 2011ஆம் ஆண்டுத் தரம் அதைக் கட்டாயமில்லை என்று தளர்த்தியது. இந்த இரண்டு வழியிலும் விடுவிக்க ஒரே ஃப்ரீ போதும்.