கம்ப்ளையன்ஸ்: இணக்கமா, நிறைவேற்றமா?

நிலக்கரிச் சுரங்கம் ஒன்றைத் திறப்பதற்கோ விரிவாக்குவதற்கோ ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகமோ மாநில மதிப்பீட்டு ஆணையமோ முன் அனுமதி தரும்போது, அனுமதிக் கடிதத்தின் பெரும்பகுதியை நிபந்தனைகளே நிறைத்திருக்கும். அவற்றின்படி சுரங்கம் நடக்கிறதா என்று அலுவலர்கள் நேரில் வந்து பார்ப்பதை ‘என்விரான்மென்டல் கம்ப்ளையன்ஸ் இன்ஸ்பெக்‌ஷன்’ என்கிறார்கள். தமிழில் இதைச் ‘சுற்றுச்சூழல் இணக்க ஆய்வு’ என்று எழுதுவது வழக்கமாகிவருகிறது. முதற்சொல்லும் இறுதிச்சொல்லும் பழுதில்லை. நடுவில் நிற்கும் ‘இணக்கம்’ மட்டும் பொருளை வழுக்கவிடுகிறது என்பது என் கருத்து.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் மொழியின் ‘கொம்ப்ளேரே’. நிரப்புதல், குறையின்றி நிறைத்தல் என்பது அதன் பொருள். ஸ்பானிய மொழியில் ‘கும்ப்ளிர்’ என்றும் இத்தாலிய மொழியில் ‘கொம்ப்ளீரே’ என்றும் வழங்கி, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி அது ஆங்கிலத்துக்குள் வந்தது. முழுமையைக் குறிக்கும் ‘கம்ப்ளீட்’ என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான். ஆங்கிலத்தில் நிலைபெற்ற பிறகு, வளைதல் என்று பொருள்படும் ‘ப்ளை’ என்ற வேறொரு சொல்லோடு ஒலியொப்புமை ஏற்பட்டதால், பிறர் விருப்பத்துக்கு வளைந்துகொடுத்தல் என்ற சாயலும் அதன்மேல் படிந்தது என்று சொற்பிறப்பு அறிஞர்கள் விளக்குகிறார்கள். ஆக, நிறைத்தல், வளைதல் என்ற இரண்டு பொருள்கள் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. ‘இணக்கம்’ என்று மொழிபெயர்த்தவர்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டு முதலாவதை விட்டுவிட்டார்கள்.

‘இணக்கம் அறிந்து இணங்கு’ என்கிறது ஆத்திசூடி. ஒருவரோடு நட்புக் கொள்வதற்குமுன் அவருடைய பண்பை அறிந்துகொள் என்பது அதன் கருத்து. இணை என்ற சொல்லோடு உறவுடைய இணக்கம், இருவர் ஒத்துப்போவதையும் ஒரு வேண்டுகோளுக்கு உடன்படுவதையும் சொல்வது. பேச்சுவார்த்தையில் ஒரு தரப்பு இணங்கிவிட்டது என்றால், ஒப்புக்கொண்டது என்று மட்டுமே பொருள்; சொன்னதைச் செய்து முடித்ததா என்ற கேள்வி அதற்குப் பிறகும் அப்படியே இருக்கும். சுரங்கத்தைப் பார்க்க வருகிறவர் கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

அவர் எதைப் பார்க்கிறார் என்பதை அருகில் சென்று கவனித்தால் இது தெளிவாகும். திறந்தவெளிச் சுரங்கத்தில் நிலக்கரியின்மேல் கிடக்கும் மண்ணையும் பாறையையும் வெட்டிக் குவிக்கிறார்கள். சுரங்க வழக்கில் அதற்கு ‘ஓவர்பர்டன்’, சுருக்கமாக ‘ஓபி’ என்று பெயர். அந்த மண்மேட்டின் ஒட்டுமொத்தச் சரிவு 28 பாகைக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது நிலக்கரிச் சுரங்க அனுமதிகளில் பரவலாகக் காணப்படும் நிபந்தனை. மேட்டின் அடிவாரத்தைச் சுற்றி மாலை போட்டதுபோல வடிகால் வெட்ட வேண்டும். ‘கார்லண்ட் டிரெயின்’ என்ற பெயரே அந்த வடிவத்தால் வந்தது. மழை அரித்துக்கொண்டு வரும் மண் அந்த வடிகால் வழியே படிவுக் குட்டைக்குச் சென்று அடியில் தங்கி, தெளிந்த நீர் மட்டும் வெளியேற வேண்டும். வெளியேறும் நீரில் மிதக்கும் திண்மங்கள் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நிலக்கரிச் சுரங்கங்களுக்கான பொது வரம்பு. வடிகால் வெட்டியிருக்கிறார்கள், ஆனால் பாதி ஆழத்துக்கு வண்டல் தூர்ந்து புல் முளைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகம் அந்த நிபந்தனைக்கு இணங்கியது உண்மைதான். நிபந்தனை நிறைவேறவில்லை என்பதும் உண்மைதான். அடுத்த பெருமழையில் சேற்றுநீர் கீழேயுள்ள வயலில் இறங்கும்போது, உழவருக்கு இந்த இரண்டாவது உண்மை மட்டுமே பொருட்டாகும்.

ஆகவே ‘நிபந்தனை நிறைவேற்றம்’ என்பதே பொருத்தம் என்று கருதுகிறேன். லத்தீன் வேரில் இருக்கும் ‘நிரப்பு’ என்ற பொருள், தமிழில் ‘நிறை’ என்ற பகுதியிலேயே கிடைத்துவிடுகிறது. இவ்வளவு நேராக ஒரு பெயர்ப்பு அமைவது அரிது.

ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும். வடிகால் வெட்டுதல், மேல்மண்ணைத் தனியே சேமித்தல், பசுமை வளையம் நடுதல் ஆகியவை செய்து முடிக்கக்கூடியவை. அவற்றுக்கு நிறைவேற்றம் என்பது சரி. சரிவைக் குறைவாகவே வைத்திருத்தல், புழுதி பறக்காமல் பாதையில் நீர் தெளித்தல், நிலத்தடி நீர்மட்டத்தைத் தொடர்ந்து அளத்தல் ஆகியவற்றுக்கு முடிவே கிடையாது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இடைவிடாது இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும் என்பதால், நீர்மட்டத்தை அளக்கும் கடமை அங்கே சுரங்கம் உள்ளவரை நீளும். இவற்றுக்குக் ‘கடைப்பிடிப்பு’ என்ற சொல் இருக்கிறது. கடைசிவரை விடாமல் பற்றிக்கொள்வது என்ற உறுதி அச்சொல்லிலேயே ஒலிக்கிறது.

‘இன்ஸ்பெக்‌ஷன்’ என்பதற்கு உள்ளே நோக்குதல் என்று பொருள். தமிழில் தணிக்கை என்றால் கணக்கும் திரைப்படமும் நினைவுக்கு வருகின்றன. சோதனை என்றால் திடீரென்று நுழைவது போலாகிறது. ஆய்வு என்பதே போதும். தொல்காப்பிய உரியியல் ஆய்தல் என்பதற்கு ‘உள்ளதன் நுணுக்கம்’ என்று பொருள் கூறுகிறது. வீட்டில் கீரை ஆய்கிறவர் பழுத்த இலையையும் பூச்சி அரித்த இலையையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து ஒதுக்குகிறார். நிபந்தனைகளையும் அப்படித்தான் ஒன்றொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆராய்ச்சியோடு குழப்பம் வராமலிருக்க, முன்னால் ‘கள’ என்று சேர்த்துக் ‘கள ஆய்வு’ என்றால் தெளிவு.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அனுமதி பெற்றவர் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில் அரையாண்டு அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம், யாரும் கேட்டுப் பெறலாம். இதையும் ‘இணக்க அறிக்கை’ என்றே எழுதுகிறோம். அமைச்சகத்தின் வட்டார அலுவலர்கள் கள ஆய்வுக்குப் பிறகு எழுதும் அறிக்கையில் ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே அதன் நிலையைக் குறிப்பார்கள். அந்தக் குறிப்புகளைப் ‘பகுதி இணங்கியது’, ‘இணங்கி வருகிறது’ என்று தமிழாக்கினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ‘பகுதி நிறைவேறியது’ என்றால், எந்தப் பகுதி மிச்சம் என்று ஊராட்சித் தலைவர்கூடக் கேட்டுவிடலாம். ‘நிறைவேறி வருகிறது’ என்று எழுதியிருந்தால், எந்தத் தேதிக்குள் என்று கேட்கலாம்.