கடைசல்: லேத்துக்குத் தமிழ்ச் சொல்

பொருளைச் சுழலவிட்டு, அதன்மேல் உளியைப் பதித்துச் சீவி, உருண்டை வடிவம் கொண்டுவரும் பொறி லேத். தமிழில் இதைக் கடைசல் பொறி என்றோ கடைசல் இயந்திரம் என்றோ சொல்கிறோம். இது அகராதிக்குழு உட்கார்ந்து ஆக்கிய சொல் அன்று. மரத்தச்சர்கள் கட்டில் காலுக்கும் தொட்டில் கம்புக்கும் 'கடைசல் பிடிப்பது' என்று காலங்காலமாகச் சொல்லி வந்ததுதான். மரம் போய் இரும்பு வந்தபோதும் சொல் மாறத் தேவைப்படவில்லை. லேத்தில் வேலை செய்பவர் கடைசலர்.

வேர்ச்சொல் 'கடை' என்னும் வினை. தயிர் கடைகிறோம். பாற்கடலைக் கடைந்தார்கள். கட்டையோடு கட்டை உரசித் தீ உண்டாக்கும் கோலுக்குத் தீக்கடைகோல் என்று பெயர். தூணையும் கடைகிறோம். வெண்ணெய், நெருப்பு, தூண் மூன்றுக்கும் ஒரே வினை எப்படி வந்தது? மூன்றிலும் செய்கை ஒன்று: நிற்கும் கோலில் கயிற்றைச் சுற்றி, இரு முனையையும் மாறிமாறி இழுத்தால் கோல் முன்னும் பின்னும் சுழலும். அந்தக் கயிற்றுக்கே 'கடைகயிறு' என்று பெயர் உண்டு. அசோதை கண்ணனைக் கட்டிய கயிற்றைச் சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவை அப்படித்தான் சொல்கிறது. மலையாளத்திலும் தயிருக்கும் மரத்துக்கும் 'கடயுக' என்ற ஒரே வினைதான். ஈற்றைக் குறிக்கும் 'கடை', 'கடைசி' ஆகியவற்றோடு இதைச் சேர்க்கக் கூடாது. அது வேறு சொல்.

மிகப் பழைய லேத்தும் கயிற்றால்தான் ஓடியது. எகிப்தில் கி.மு. 300ஐ ஒட்டிய பெட்டோசிரிஸ் கல்லறைச் சிற்பத்தில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் கயிற்றை இழுக்க, மற்றவர் உளியைப் பிடித்திருக்கிறார். சுழலும் மரம் அதில் மத்துப்போல நிமிர்ந்தே நிற்கிறது. இத்தகைய பொறியில் பாதி நேரம்தான் வெட்டு விழும். பொருள் உளியை நோக்கிச் சுழலும்போது சீவ வேண்டும், திரும்பும்போது உளியை விலக்க வேண்டும்.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பு இவ்வளவு தெளிவானதில்லை. சட்டம், தாங்கி என்ற பொருள் உள்ள பழைய ஸ்காண்டிநேவியச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து. அப்படியானால் ஆங்கிலப் பெயர் பொறியின் உடலைச் சொல்கிறது, தமிழ்ப் பெயர் அது செய்யும் வேலையைச் சொல்கிறது. சிலர் 'சுழல் இயந்திரம்' என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது. துளையிடும் டிரில்லிங் பொறியும் பரப்பைச் சீவும் மில்லிங் பொறியும்கூடச் சுழல்பவைதான். ஆனால் அவற்றில் சுழல்வது வெட்டும் கருவி. லேத்தில் மத்தின் இடத்தில் இருப்பது வேலைப்பொருள். 'கடைசல்' இந்த வேறுபாட்டைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறது.

வீட்டுப் பட்டறையில் சிறிய லேத் வைத்திருப்பவர் முதலில் சரிபார்க்க வேண்டியது உளிமுனையின் உயரம். அது பொருளின் மைய அச்சோடு சரியாக ஒத்திருக்க வேண்டும். பொறியை நிறுத்திவிட்டு, உளிமுனைக்கும் உருண்டைக் கம்பிக்கும் நடுவே மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை மெதுவாகக் கவ்வக் கொடுங்கள். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் உயரம் சரி. அதன் மேல்முனை உங்களை விட்டு அப்பால் சாய்ந்தால் உளி உயரம், உங்கள் பக்கம் சாய்ந்தால் தாழ்வு. தாழ்ந்திருந்தால் முகப்பை, அதாவது கம்பியின் நுனி வட்டத்தை, சமன் செய்யும்போது நடுவில் சிறு முளை மிஞ்சும். உயர்ந்திருந்தால் உளி வெட்டாமல் தேய்க்கும், பொருள் சூடேறும்.

அடுத்தது வேகம். மைல்டு ஸ்டீலை ஹைஸ்பீட் ஸ்டீல் உளியால் கடைய நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம் நல்ல தொடக்கம். அதை 1000ஆல் பெருக்கி, மி.மீ. கணக்கிலான விட்டத்தாலும் 3.14ஆலும் வகுத்தால் நிமிடத்துக்கான சுற்று எண்ணிக்கை வரும்: 25 மி.மீ. கம்பிக்கு ஏறத்தாழ 320. விட்டம் பாதியானால் சுற்று இருமடங்கு. பொருளைக் கவ்விச் சுழற்றும் பிடியான சக்கிலிருந்து கம்பி அதன் விட்டத்தைப்போல மூன்று நான்கு மடங்குக்குமேல் நீட்டிக்கொண்டிருந்தால் சக்குக்கு எதிரே உள்ள தாங்கியான டெயில்ஸ்டாக்கால் மறுமுனையைத் தாங்க வேண்டும். இல்லையேல் முனை வளைந்து விலகி, அந்தப் பக்கம் தடிப்பாகவும் சக் பக்கம் மெலிந்தும் வரும். சரிவு கண்டதும் பொறியைக் குறை சொல்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

உளியை 0.5 மி.மீ. உள்ளே செலுத்தினால் விட்டம் 1 மி.மீ. குறையும். சில பொறிகளின் டயல் உளி நகர்ந்த தூரத்தைக் காட்டும், சில விட்டத்தில் குறைவதைக் காட்டும். எது என்று அளந்து உறுதி செய்யாமல் கடைசி வெட்டை எடுத்தால் பொருள் வீண். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போடுவதும், கையுறையோடு வேலை செய்வதும் உயிராபத்து.

வெளிப்புறம் கடைதல் என்றால் உட்புறம் குடைதல். போரிங் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. துளைத்தல் வேறு, குடைதல் வேறு. டிரில் பிட் எளிதான வழியில் சாய்ந்து போகும், துளை மையம் விலகும். குடையும் உளி அந்தத் துளையைப் பெரிதாக்கும்போதே மையத்துக்குக் கொண்டுவரும். இரும்புப் போரிங் தண்டு அதன் தடிப்பைப்போல நான்கு மடங்குக்குமேல் நீண்டால் அதிர்ந்து, சுவரில் அலைக்கோடு விழும். தடித்த தண்டும் குறைந்த சுற்றும்தான் மருந்து. 1774இல் ஜான் வில்கின்சன் காப்புரிமை பெற்ற பீரங்கி குடையும் முறையிலும் சுழன்றது பீரங்கிதான்.

திருகின் ஓடை மரை. 1800ஐ ஒட்டி ஹென்றி மாட்ஸ்லே செய்த லேத், உளியைக் கையிலிருந்து வாங்கித் தாங்கியில் பொருத்தி, திருகுத்தண்டால் துல்லியமாக நகர்த்தியது. அங்குல அளவுத் திருகுத்தண்டு உள்ள லேத்தில் மெட்ரிக் மரை வெட்ட 127 பல் சக்கரம் வேண்டும், ஓர் அங்குலத்தின் 25.4 மி.மீ.ஐ 5ஆல் பெருக்கினால் 127. அப்படி வெட்டும்போது, திருகுத்தண்டைக் கவ்வி உளித்தாங்கியை நகரவைக்கும் ஹாஃப்நட்டைத் திறக்கக் கூடாது. உளியை வெளியே இழுத்துவிட்டு மோட்டாரைப் பின்னோக்கி ஓட்டித் தொடக்கத்துக்கு வர வேண்டும். கயிற்றுக் கடைசலில் திரும்பும் பாதியில் உளியை விலக்கிய அதே செய்கை.

சக், டெயில்ஸ்டாக், ஹாஃப்நட் போன்ற உறுப்புப் பெயர்களை மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பட்டறையில் எல்லாருக்கும் புரிகிறது. வினைகளைத் தமிழில் வைத்துக்கொண்டால் போதும். வரைபடத்தின் ஓரத்தில் இப்படி எழுதலாம்: '25 மி.மீ. கம்பி. முகப்பைச் சமன் செய்க. வெளியே 22க்குக் கடைக. 11க்குத் துளைத்து 12க்குக் குடைக.'