பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குக் கார்பரேட்டர் உதிரிபாகம் தேடுவோர் கவனத்திற்கு

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருப்பவர்களில் பலர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்பரேட்டரைப் புதிதாக வாங்கிக்கொண்டே எங்கள் பட்டறைக்கு வருகிறார்கள். ஐட்லிங் நிற்கவில்லை, பிளக் கறுக்கிறது, பெட்ரோல் ஒழுகுகிறது என்று குறைகள் வெவ்வேறாக இருந்தாலும், பழையதைக் கழற்றி எறிந்துவிட்டு இதை மாட்டிவிடுங்கள் என்ற கோரிக்கை மட்டும் மாறுவதில்லை. வண்டியோடு வந்த கார்பரேட்டரின் உடல் அவ்வளவு எளிதில் கெடுவதில்லை என்பதையும், கெடுபவை உள்ளே இருக்கும் விரல்நுனி அளவுப் பொருட்கள் சில மட்டுமே என்பதையும், அவற்றைச் சரியான எண் சொல்லிக் கேட்டால் இன்றும் வாங்க முடியும் என்பதையும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவருகிறேன். இங்கே அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985-இல் தொடங்கி 1996 வரை இந்தியாவில் தயாரித்த யமஹா ஆர்எக்ஸ் 100, 98 சிசி காற்றுக் குளிர்விப்பு இன்ஜின் கொண்டது. அதில் வந்தது ஜப்பானின் மிக்குனி நிறுவனத்தின் விஎம் 20 வகைக் கார்பரேட்டர். நம் நாட்டில் ஓடிய மிக்குனிகளில் பெரும்பகுதி, சென்னைக்கு அடுத்த மறைமலை நகரில் யூகால் நிறுவனம் அந்த ஜப்பானிய நிறுவனத்தின் கூட்டுடன் தயாரித்தவை. கடைசியாக வெளிவந்த ஆர்எக்ஸ் 100-க்கே இப்போது முப்பது வயதை ஒட்டியாகிறது. இவ்வளவு காலமும் உழைத்த ஒரு வார்ப்பு உடலை, யார் வார்த்தது என்றே தெரியாத ஒன்றுக்காகத் தூக்கிப் போடுவது எனக்கு ஒப்பவில்லை.

ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் கார்பரேட்டர் சற்றுத் தவறாக இருந்தால் இழுவையும் மைலேஜும் குறையும். பெரும்பாலும் அத்தோடு போகும். டூ-ஸ்ட்ரோக்கில் அப்படியல்ல. பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் எரிப்பின் வெப்பம் ஏறும். பிஸ்டன் விரிந்து சிலிண்டர் சுவரைப் பிடிக்கும். நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது இன்ஜின் ஜாம் ஆகும். ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றும் வண்டியாக இருந்தால் பெட்ரோல் குறையும்போது ஆயிலும் சேர்ந்தே குறைகிறது என்பதால் ஆபத்து இரட்டிப்பு. பெட்ரோலை அளந்துவிடும் துளையிட்ட பித்தளைத் திருகான ஜெட்டில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்தவர் ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது), பிஸ்டன், ரிங் என்று ஆயிரக்கணக்கில் செலவழித்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பின்சக்கரம் நின்று வண்டியோடு கீழே விழுந்தவர்களும் உண்டு.

உதிரிபாகம் தேடப் புறப்படும் முன் குறை கார்பரேட்டரில்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கார்பரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் இன்டேக் ரப்பரில் விழும் மயிரிழை வெடிப்பு, நுனி வளைந்து முழுதாக மூடாத ரீட் வால்வ், கிராங்கின் ஆயில் சீல் கசிவு, ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் பழக்கம், உள்ளே வெட்டி மாற்றிய சைலன்சர் ஆகியவற்றில் எது இருந்தாலும் கார்பரேட்டர் கெட்டதுபோலவே வண்டி நடந்துகொள்ளும். இன்டேக் ரப்பரைக் கழற்றி விரல்களால் மடித்துப் பார்த்தாலே வெடிப்பு வாய் திறக்கும். ஓடுகிற இன்ஜின் மேல் பெட்ரோல் தெளித்துக் காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது தீ விபத்தை விலை கொடுத்து வாங்குவது.

கார்பரேட்டருக்குள் முதலில் தேய்வது நீடில் ஜெட். ஆக்சிலரேட்டரைத் திருகும்போது காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஊசியான நீடில், இன்ஜினின் அதிர்வில் நீடில் ஜெட்டின் வாயை ஒரு பக்கமாக உரசிக்கொண்டே இருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து அதைக் கழற்றிப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால், வட்டமாக இருந்த துளை ஒரு புறம் இழுபட்டு முட்டை வடிவம் கொண்டிருப்பதும், நீடிலின் மேல் அதே புறத்தில் பளபளப்பான தடம் விழுந்திருப்பதும் தெரியும். மிக்குனி நீடில் ஜெட்டில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். ஓ-0 என்றால் துளை 2.600 மி.மீ.; ஓ-2 என்றால் 2.610, ஓ-4 என்றால் 2.620, அடுத்த எழுத்தான பி-0 2.650. இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். கால்வாசி த்ராட்டிலில், அதாவது ஆக்சிலரேட்டரைக் கால்வாசி திருகிய நிலையில், பெட்ரோல் ஏறுவது துளை முழுவதிலும் அல்ல, துளைக்கும் நீடிலுக்கும் நடுவே உள்ள வளைய இடைவெளியில் மட்டும். நீடிலின் தடிமன் 2.51 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 2.60 துளை தேய்ந்து 2.62 ஆகும்போது அந்த இடைவெளியின் பரப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. ஊருக்குள் நாற்பதில் ஓட்டும்போது வண்டி அடைத்துக்கொண்டு போவதும், புகை கூடுவதும், மைலேஜ் இறங்குவதும் இதனால்தான். முழு த்ராட்டிலில் பெட்ரோலை அளக்கும் மெயின் ஜெட்டைச் சிறியதாக்கி இதைச் சரிசெய்ய முயல்கிறவர்கள், ஊருக்குள் ஓடும் ஓட்டத்தில் எந்த மாற்றமும் காணாமல், முழு த்ராட்டிலில் மட்டும் இன்ஜினைப் பட்டினி போடுகிறார்கள்.

மெயின் ஜெட் தானாகத் தேய்வது அரிது. கம்பி விட்டுக் குத்திப் பெரிதாக்கப்படுவதே அதிகம். பித்தளை ஜெட்டுக்குள் எஃகுக் கம்பியை விட்டவுடன் அதன் தலையில் உள்ள எண் பொருளற்றதாகிவிடுகிறது. ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டுக்கும் இது பொருந்தும். அடைப்பை எடுக்கக் கார்பரேட்டர் கிளீனரும் காற்றழுத்தமும் போதும்; பிடிவாதமான அடைப்புக்கு அல்ட்ராசோனிக் தொட்டி இருக்கிறது. பவுல் என்ற அடிக் கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதைத் திறந்து மூடும் ஃப்ளோட் நீடிலின் கூம்பு முனையில் நகத்தால் உணரக்கூடிய வளையத் தடம் விழுந்திருந்தால் நீடிலையும் அது உட்காரும் சீட்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். ஸ்லைடு தேய்ந்ததா என்று அறிய, அதைத் துளைக்குள் இறக்கி முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கலாம். கடகடவென்று அடித்து, ஐட்லிங்கும் ஒரு நிலையில் நிற்காவிட்டால் முதலில் புது ஸ்லைடு போட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் ஆட்டம் குறையாவிட்டால் உடலே தேய்ந்துவிட்டது என்று பொருள். மாற்று உடல் தேட வேண்டிய நிலை அது ஒன்றுதான்.

இனி எண்களைப் பற்றி. கடையில் நூற்றுப்பத்து மெயின் ஜெட் கொடுங்கள் என்று கேட்பது பாதிக் கேள்வி. மிக்குனியின் அறுகோணத் தலை ஜெட்டில் உள்ள எண் அதன் வழியே ஓடும் பெட்ரோலின் அளவை ஒட்டியது. வட்டத் தலை ஜெட்டின் எண் துளையின் விட்டத்தை ஒட்டியது. கெய்ஹின் என்ற இன்னொரு நிறுவனத்தின் ஜெட்டுகளும் விட்டக் கணக்குதான், அவற்றின் மரையும் வேறு. ஆகவே ஒரே எண் பொறித்த இரண்டு ஜெட்டுகள் இரண்டு விதமாகப் பெட்ரோல் விடும். பைலட் ஜெட்டிலும் விஎம் 22/210, விஎம் 28/486 என்று நீளமும் மரையும் வேறுபட்ட குடும்பங்கள் இருக்கின்றன. மிக்குனி நீடிலில் முதல் எண் நீள வரிசையைச் சொல்கிறது. 5 என்றால் 50 மி.மீ.க்கு மேல், 60-க்குள். அடுத்து வரும் எழுத்து சரிவின் கோணம். இரண்டு எழுத்துகள் இருந்தால் சரிவு இரண்டு கட்டமாக அமைந்தது. ஸ்லைடின் அடியில் 2.0, 2.5 என்று இருப்பது காற்று நுழையும் பக்கத்தில் வெட்டப்பட்ட உயரம். எண் கூடினால் த்ராட்டில் திறக்கும் தொடக்கத்தில் கலவை பெட்ரோல் குறைந்து நீர்த்துப்போகும். பழைய பாகத்தைக் கழற்றியவுடன் இவற்றையெல்லாம் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். முன்பு யாராவது மாற்றியிருக்கலாம் என்பதால், சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணோடு ஒப்பிட்ட பிறகே தேடலைத் தொடங்க வேண்டும்.

யமஹா பாக எண்ணுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதல் மூன்று குறிகள் அந்தப் பாகம் முதலில் எந்த மாடலுக்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும்; நடுவில் உள்ள ஐந்து இலக்கங்கள் அது என்ன பாகம் என்பதைச் சொல்லும். ஒரே ஜெட் பல நாடுகளின் பல மாடல்களில் பயன்பட்டிருப்பதால், வண்டியின் பெயரைச் சொல்லித் தேடுவதைவிட எண்ணைச் சொல்லித் தேடுவது பலன் தரும். ஆர்எக்ஸ் 100 நின்ற பிறகும் பத்தாண்டுக்கு மேல் இந்தோனேசியாவில் ஆர்எக்ஸ்-கிங் வந்துகொண்டிருந்ததால், அங்கே மிக்குனிச் சிறு பாகங்களுக்கான சந்தை இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த வண்டியின் கார்பரேட்டர் பெரியது, முழுதாக நமக்கு உதவாது; ஜெட் குடும்பம் ஒன்றாக இருந்தால் ஜெட் மட்டும் உதவும். பழைய எஸ்டி (Yezdi) பைக் வைத்திருப்பவர்களின் பாடு வேறு. அதைத் தயாரித்த மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996-இல் மூடப்பட்டாலும், அவர்களுடைய ஜிக்கோவ் கார்பரேட்டரின் பிறப்பிடமான செக் நாட்டில் பழைய ஜாவாக்களைப் பேணுவோர் ஏராளம் என்பதால், அங்கிருந்து பாகம் வரவழைக்க வழி இருக்கிறது.

உள்ளூரில், முதலில் அங்கீகரிக்கப்பட்ட டீலரின் ஸ்பேர் கவுண்டரில் பாக எண்ணை எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும். இல்லை என்று அவர்கள் சொன்ன பிறகே வெளியே தேட வேண்டும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை புதுப் பாகத்துக்கும், புதுப்பேட்டை பழைய பாகத்துக்கும் பேர்போனவை. பெங்களூரில் ஜேசி ரோடு, டெல்லியில் கரோல்பாக், கொல்கத்தாவில் மல்லிக் பஜார் என்று ஒவ்வோர் ஊரிலும் இப்படி ஓர் இடம் இருக்கிறது. புதுப்பேட்டையில் நான் தேடுவது ஓடாத நிலையில் உள்ள பழைய அசல் கார்பரேட்டரைத்தான். பார்ப்பதற்கு அழுக்கேறிக் கிடக்கும் அதன் ஸ்லைடும் பவுலும் சோக் பிளஞ்சரும், பளபளக்கும் புது டூப்ளிகேட்டைவிட நம்பகமானவை. வாங்கும் முன் பவுலைக் கழற்றிப் பார்க்கக் கடைக்காரர் சம்மதிக்காவிட்டால் நகர்ந்துவிடுவது நல்லது.

டூப்ளிகேட்டை அடையாளம் காண விலையையோ பெட்டியையோ நம்ப முடியாது. பெட்டி அச்சடிப்பது பாகம் செய்வதைவிட எளிது. அசல் மிக்குனி ஜெட்டில் சதுரத்துக்குள் சதுரமாக ஒரு சிறு முத்திரை இருக்கும். போலியிலும் அதைப் பொறிக்கிறார்கள் என்றாலும் கோடுகள் மழுங்கியிருக்கும். துளையின் விளிம்பில் பிசிர் இருந்தால், மரை விரலில் கீறினால், ஒரே எண் போட்ட இரண்டு ஜெட்டுகளை வெளிச்சத்தில் பிடிக்கும்போது துளைகள் வேறாகத் தெரிந்தால் வாங்கக் கூடாது. நீடிலைக் கண்ணாடிப் பலகை மேல் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். ரிப்பேர் கிட் என்று ஒரே உறையில் வருவதில் கேஸ்கெட்டையும் ஓ-ரிங்கையும் எடுத்துக்கொண்டு, எண் பொறிக்காத ஜெட்டையும் நீடிலையும் தனியே ஒதுக்கிவிடுவேன்.

2023 பிப்ரவரியில் இ20 பெட்ரோல் அறிமுகமான பிறகு இந்த வேலையில் இன்னொரு கணக்கும் சேர்ந்திருக்கிறது. தூய பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும்; 20 விழுக்காடு எத்தனால் கலந்ததற்கு 13.5 கிலோ அளவே போதும். புதிய வண்டிகளில் சென்சார் பார்த்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். ஜெட்டுக்கு அந்த அறிவு கிடையாது. அதே ஜெட், அதே காற்று என்று விட்டால் கலவை முன்பைவிட நீர்த்தே இருக்கும். ஆகவே மேனுவலில் உள்ள மெயின் ஜெட்டுக்கு ஓர் அளவு பெரியதையும் சேர்த்தே வாங்கி வைக்கச் சொல்கிறேன். எத்தனால் ஈரத்தை இழுப்பதால், மாதக் கணக்கில் நிற்கும் வண்டியின் பவுலுக்குள் வெள்ளைப் பொடி பூக்கிறது. பழைய ரப்பர் ஊதியோ விறைத்தோ போகிறது. ஃப்ளோட் நீடில் வாங்கும்போது முனை எத்தனாலைத் தாங்கும் விட்டான் ரப்பராக இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். வண்டியை நிறுத்திவைக்கும் முன் பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, பவுலில் உள்ளதையும் வடித்துவிட வேண்டும்.

பாகங்களை மாட்டிய பின் ஆர்எக்ஸ் வண்டியில் கட்டாயம் பார்க்க வேண்டியது ஆயில் பம்ப். ஆக்சிலரேட்டர் கேபிள் நடுவில் இரண்டாகப் பிரிந்து ஒன்று ஸ்லைடுக்கும் மற்றொன்று இன்ஜினுக்கு ஆயிலைத் தனியே செலுத்தும் ஆட்டோலூப் பம்புக்கும் போகிறது. ஸ்லைடையோ கேபிளையோ மாற்றிவிட்டு, பம்பின் சக்கரத்தில் உள்ள குறியை மேனுவல் சொல்லும் நிலையில் நேராக்காமல் விட்டால், கார்பரேட்டர் சரியாக இருந்தும் ஆயில் போதாமல் இன்ஜின் பிடிக்கும். மலிவான புதுக் கார்பரேட்டர்களை நான் தவிர்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்லைடின் உயரமும் கேபிள் உட்காரும் இடமும் மாறுவதால் பம்பின் ஒழுங்கு சத்தமில்லாமல் கலைந்துவிடுகிறது. ஐட்லிங் கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவைத் திருப்பும்போது, அது ஃபில்டர் பக்கத்தில் இருப்பதால் வெளியே எடுத்தால் காற்று கூடும், உள்ளே விட்டால் பெட்ரோல் கூடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஃபோர்-ஸ்ட்ரோக் கார்பரேட்டர்கள் பலவற்றில் இது தலைகீழ்.

எல்லாம் முடிந்ததும் புது பிளக் போட்டு, போக்குவரத்தில்லாத சாலையில் இன்ஜின் நன்கு சூடேறிய பின் சற்று தூரம் முழு த்ராட்டிலில் ஓட்டி, கிளட்சைப் பிடித்துக்கொண்டே இன்ஜினை அணைத்து, அங்கேயே பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பீங்கான் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள்; அந்த மெயின் ஜெட்டோடு வண்டியை வேகமாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பக் கூடாது. பையில் இருக்கும் பெரிய ஜெட்டை அங்கேயே மாற்றிக்கொள்ளலாம், அல்லது அரை த்ராட்டிலைத் தாண்டாமல் பட்டறைக்குக் கொண்டுவரலாம்.