பயந்து தள்ளிப்போடும் வரிக் கணக்கு

வருமான வரிக் கணக்கைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடுகிறவர்களை ஓர் ஆடிட்டராக ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களில் சோம்பேறிகள் மிகக் குறைவு. விடியற்காலையில் எழுந்து சமைத்து வைத்துவிட்டு இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்குப் போகும் ஆசிரியை, ஞாயிற்றுக்கிழமைகூடக் கடையை அடைக்காத மளிகைக்கடைக்காரர், இப்படிப்பட்டவர்கள்தான் அதிகம். உழைக்க அஞ்சாத இவர்கள் ஒரு மணி நேர வேலையை ஏன் மாதக்கணக்கில் தள்ளுகிறார்கள்?

முதலில் "நேரமே இல்ல சார்" என்பார்கள். கொஞ்சம் உட்கார்ந்து பேசினால்தான் உண்மை மெல்ல வெளியே வரும். வேலை மாறியிருப்பார், பழைய கம்பெனியில் போய் ஃபார்ம் 16, அதாவது சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் சான்றிதழ், கேட்கக் கூச்சம். போன வருடம் டெபாசிட் வட்டியைக் காட்டாமல் விட்டிருப்பார். இப்போது அது எங்கே வந்து நிற்குமோ என்ற பயம். இன்னும் சிலர் ஷேரில் பணத்தை விட்டிருப்பார்கள், வீட்டுக்குத் தெரியாது. கணக்கைத் திறந்தால் அந்தத் தொகையைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதனால் ஃபைலைத் தொடவே மாட்டார்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தக் கடைசி வகைதான். ஷேர் நஷ்டத்தை உரிய தேதிக்குள் கணக்கில் காட்டினால் அடுத்த 8 ஆண்டுகள் வரை, அதே வகையில் வரும் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். தேதி தாண்டினால் அந்த உரிமை போய்விடும். நஷ்டத்தைப் பார்க்கப் பயந்தே, அதில் கொஞ்சமாவது ஈடுகட்டும் வழியையும் இழந்துவிடுகிறார்கள்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. அதற்குப் பிறகு டிசம்பர் 31 வரை தாக்கல் செய்யலாம் என்றாலும் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம் உண்டு. மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000 ரூபாய். வரி பாக்கி இருந்தால் மாதம் 1 சதவீத வட்டி தனி. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. அந்த முறையில் கிடைக்கும் வீட்டுக் கடன் வட்டிக் கழிவை நம்பியிருப்பவருக்கு இது பெரிய அடி. 2025-இல் கடைசி நாளை செப்டம்பர் 16 வரை நீட்டித்தார்கள்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் நீட்டிப்பார்கள் என்று காத்திருப்பது ஆபத்து.

சரி, என்ன செய்யலாம்? "இந்த வாரம் கணக்கை முடித்துவிடுகிறேன்" என்று எனக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அது பெரிய வேலை, மனம் மறுபடி ஓடும். இன்று இரவு சாப்பிட்டதும் வருமான வரித் தளத்தில் நுழைந்து ஏஐஎஸ் அறிக்கையை, அதாவது உங்கள் வருமானம் பற்றித் துறைக்கு வந்த தகவல்களின் ஆண்டுத் தொகுப்பை, மட்டும் இறக்குங்கள். திறந்து பார்க்கக்கூட வேண்டாம். நாளை பாருங்கள். உங்கள் வட்டி, டிவிடெண்ட், ஷேர் விற்பனையில் பெரும்பாலானவை ஏற்கெனவே அதில் இருக்கும். மனதில் பூதமாக நின்றது பெரும்பாலும் ஒரு சாதாரண எண்ணாகத்தான் இருக்கும்.

அப்புறம், சம்பளம் வரும் நாளின் மாலையை இதற்கென்று ஒதுக்குங்கள். "சம்பள மெசேஜ் வந்ததும் காபி குடித்துவிட்டு, அந்த மாத ரசீதுகளைப் படமெடுத்து ஒரே ஃபோல்டரில் போடுவேன்" என்று நேரத்தோடும் இடத்தோடும் சேர்த்து முடிவு செய்யுங்கள். பதினைந்து நிமிட வேலை. லண்டனில் அன்றாடப் பழக்கங்களை வைத்து நடந்து, 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18, சிலருக்கு 254. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆகவே ஒரு மாதம் தவறினால் அடுத்த மாதம் தொடருங்கள், அவ்வளவுதான்.

வீட்டில் ஒருவர் இப்படித் தள்ளிக்கொண்டிருந்தால் தயவுசெய்து திட்டாதீர்கள். திட்டத் திட்ட அந்த ஃபைல் இன்னும் பயமுறுத்தும். பக்கத்தில் உட்கார்ந்து பாஸ்வேர்டு போடும் வரை துணை இருங்கள்.

தாக்கல் செய்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிட வேண்டாம். 30 நாட்களுக்குள் சரிபார்ப்பும், அதாவது தாக்கல் செய்தது நீங்கள்தான் என்று உறுதிப்படுத்துவதும், முடிய வேண்டும். தவறினால் நீங்கள் சரிபார்த்த நாள்தான் தாக்கல் செய்த நாளாகக் கணக்காகும். ஆதார் ஓடிபி வரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்திலேயே முடித்துவிடுங்கள்.