திருட்டுப் போன வீட்டுக்கு அடுத்த ஒரு மாசம்

ஒரு தெருவுல திருட்டு நடந்துச்சுன்னா அந்த வாரமே ஒரு மீட்டிங் நடக்கும். முப்பது பேர் கூடுவாங்க, எல்லாருக்கும் பயம், எல்லாருக்கும் கோவம், முதல் பேச்சு கேமரா, அடுத்த பேச்சு வாட்ஸ்அப் குரூப், அதுக்கடுத்து "இனிமே புது ஆள் யாரு தெருவுக்குள்ள வந்தாலும் போட்டோ எடுத்துப் போட்ருங்க"ன்னு ஒரு முடிவு. நான் பீட் போலீஸா, அதாவது ஒரு குறிப்பிட்ட ஏரியாவ ரோந்து சுத்திப் பாத்துக்குற போலீஸா இருந்துட்டு அப்பறம் பல வருஷம் குடியிருப்புக் கண்காணிப்புக் குழுக்களோட சேந்து வேலை பாத்தவன், இந்த மாதிரி மீட்டிங்ல எத்தனையோ தடவ உக்காந்திருக்கேன். அதுல முக்கால்வாசி மீட்டிங்ல ஒரு கேள்விய மட்டும் யாருமே கேக்க மாட்டாங்க. திருட்டுப் போன அந்த வீட்டோட பின்கதவு இப்ப எப்படி இருக்கு?

நானும் கேக்காம இருந்திருக்கேன். தனியா இருந்த ஒரு அம்மா, வயசு எழுபதுக்கு மேல. பின்பக்கக் கதவ நெம்பி உள்ள வந்து நகையையும் போனையும் எடுத்துட்டுப் போய்ட்டாங்க. மீட்டிங் போட்டோம், கேமராவுக்கு வீட்டுக்கு இவ்வளவுன்னு பிரிச்சோம், நல்லபடியா முடிஞ்சுதுன்னு நெனச்சுக்கிட்டு நான் கெளம்பி வந்துட்டேன். பத்தொன்பதாவது நாள் அதே வீடு, அதே கதவு. இந்தத் தடவ நான் கீழ உக்காந்து அந்தத் தாப்பாவ நல்லா பாத்தேன். முதல் தடவ பிளந்த மரத்தையே அப்படியே விட்டு, பழைய ஓட்டையில தீக்குச்சிய ஒடிச்சு சொருகி அதுலயே ஸ்க்ரூவ முறுக்கி வச்சிருக்காங்க, கட்டை விரல வச்சு அழுத்தினா மொத்தத் தாப்பாவும் ஆடுது. வாசல்ல குப்பைத் தொட்டி பக்கத்துல மகன் வாங்கிக் குடுத்த புது டிவியோட அட்டப்பெட்டி நிக்குது, படத்தோட, இஞ்ச் கணக்கோட. அந்தம்மா என்னைத் திட்டல. "கேமராவுக்கு நானும் பணம் குடுத்தேனே தம்பி"ன்னு மட்டும் சொன்னாங்க. கேமரா தெருமுனையில நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, பின்பக்கச் சந்து அதுல தெரியவே இல்ல.

அதுக்கப்பறம் நான் எந்தக் குழுவுக்குப் போனாலும் முதல்ல சொல்ற விஷயம் இதுதான்: திருட்டுப் போன வீட்டுக்கு மறுபடியும் திருடன் வர்ற வாய்ப்பு மத்த வீடுகள விட அதிகம், அதுவும் முதல் சில வாரத்துலதான் ரொம்ப அதிகம். நம்ம மனசு இதுக்கு நேர்மாறா நினைக்குது. "எடுக்க வேண்டியத எடுத்துட்டான், இனிமே இங்க என்ன இருக்கு"ன்னு. ஆனா அவன் பக்கத்துலருந்து யோசிச்சுப் பாருங்க. எந்தக் கதவு லேசு, எந்த ரூம்ல பீரோ, எந்த நேரம் ஆள் இல்ல, எந்தப் பக்கம் ஓடலாம், எல்லாம் அவனுக்கு இப்ப தெரியும். போன தடவ கையில தூக்க முடியாம விட்டுட்டுப் போன பொருளும் ஞாபகத்துல இருக்கும். போன பொருளுக்குப் பதிலா புதுசு வாங்கி வைப்பாங்கன்னும் தெரியும். அவனே வரலன்னாலும் அவன் சொல்லி இன்னொருத்தன் வருவான், இல்லன்னா முதல் ஆளுக்கு அந்த வீடு ஏன் லேசா பட்டுச்சோ அதே காரணத்துக்கு ரெண்டாவது ஆளுக்கும் லேசா படும். பக்கத்து வீடுங்களுக்கும் இந்த ஆபத்து கொஞ்ச நாளைக்கு ஒட்டிக்கும், குறிப்பா ஒரே பிளான்ல கட்டின வீடுங்களா இருந்தா, ஏன்னா ஒண்ணோட உள்பக்கம் தெரிஞ்சா எல்லாத்தோட உள்பக்கமும் தெரிஞ்ச மாதிரி.

இத வச்சு 1980கள்ல இங்கிலாந்துல ராச்டேல் ஊர்ல கர்க்ஹோல்ட்ங்கற குடியிருப்புல ஒரு வேலை செஞ்சாங்க, என் கணக்குல அக்கம்பக்கக் கண்காணிப்புல செஞ்ச உருப்படியான காரியம்னா அதுதான். மொத்தக் குடியிருப்பையும் ஒரேயடியா காவல் காக்கணும்னு கெளம்பல. திருட்டுப் போன வீட்ட மட்டும் எடுத்துக்கிட்டாங்க. பூட்டு, ஜன்னல் எல்லாத்தையும் உடனே பலப்படுத்தினாங்க, அந்த வீட்டச் சுத்தி இருக்குற சுமார் ஆறு வீட்டுக்காரங்கள கூப்ட்டு "கொஞ்ச நாளைக்கு இந்த வீட்டுமேல ஒரு கண்ணு வச்சுக்கோங்க"ன்னு கேட்டாங்க. அங்க வீட்டுக்குள்ளயே காசு போட்டு கேஸும் கரண்டும் எடுக்குற மீட்டர் இருந்துச்சு, அந்தக் காசுப்பெட்டிய உடைக்கவே ஆளுங்க வந்தாங்க, அதையும் கழட்டி வேற மீட்டர் வச்சாங்க. அஞ்சு மாசத்துல அந்தக் குடியிருப்புல வீட்டுத் திருட்டு முன்னாடி இருந்ததுல 40 சதவீதத்துக்கு எறங்கிருச்சு. ஒரு தடவ திருட்டுப் போன வீட்டுலயே மறுபடியும் நடக்குறது அந்த அஞ்சு மாசத்துல பூஜ்யத்துக்கே வந்துச்சு.

ஆறு வீடு. ஒரு தெருவுல முந்நூறு பேர் இருக்குற வாட்ஸ்அப் குரூப்ல "எல்லாரும் உஷாரா இருங்க"ன்னு போட்டா அது யாருக்கும் சொன்ன வேலை இல்ல, எல்லாரும் ஒரு கும்பிடு எமோஜி போட்டுட்டுப் போய்ருவாங்க. ஆறு பேர்கிட்ட நேர்ல போய் "உங்க சமையலறை ஜன்னல்லருந்து அவங்க பின்கதவு தெரியுதுல்ல, ஒரு மாசம் அத பாத்துக்கோங்க"ன்னு சொன்னா அவங்க பாப்பாங்க. நான் இப்ப பண்றது இவ்வளவுதான். திருட்டு நடந்த அன்னைக்கே, முடிஞ்சா இருட்டுறதுக்குள்ள, கதவுச் சட்டத்துல பிளந்த மரத்த மாத்தச் சொல்றேன், தாப்பாவ மட்டும் மாத்தினா பத்தாது, ஸ்க்ரூ நீளமா இருக்கணும், சட்டத்தத் தாண்டி பின்னாடி உறுதியா இருக்குற இடம் வரைக்கும் எறங்கணும். சாவி காணாம போயிருந்தா பூட்டயே மாத்தணும், "அப்பறம் பாத்துக்கலாம்"னு விட்ற கூடாது. புதுப் பொருள் வாங்கின அட்டப்பெட்டிய வாசல்ல வைக்காம கிழிச்சு மடிச்சு உள்பக்கம் தெரியாம போடுங்க. அப்பறம் அந்த ஆறு வீடு: ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, எதிர்ல ரெண்டு, பின்னாடி ரெண்டு. யாரு காலையில வீட்ல இருக்காங்க, யாரு நைட் ஷிஃப்ட் முடிச்சு ரெண்டு மணிக்கு வர்றாங்கன்னு கேட்டு எழுதிக்கிட்டா பாதி நேரம் தானா கவர் ஆயிரும், யாரும் தூக்கம் கெட்டு ரோந்து போகத் தேவையில்ல.

குழு அமைக்குறதே வேஸ்ட்னு நான் சொல்ல வரல. அமெரிக்காவுல 1972ல தேசிய ஷெரீஃப் சங்கம் இத நாடு முழுக்க எடுத்துட்டுப் போச்சு, இங்கிலாந்துல 1982ல செஷயர்ல மாலிங்டன்ங்கற கிராமத்துல ஆரம்பிச்சுது, மொத்தத்துல பாத்தா குழு இருக்குற ஏரியாவுல குற்றம் ஓரளவு குறையுதுன்னுதான் ஆய்வுகளும் சொல்லுது. பிரச்சனை என்னன்னா, குழு லேசா உருவாகுறது குற்றம் கம்மியா இருக்குற, சொந்த வீட்டுக்காரங்க நெறைய இருக்குற தெருவுல. வாடகைக்கு வந்து வந்து போற, ரெண்டு வேலை பாக்குற ஜனங்க இருக்குற இடத்துல மீட்டிங்குக்கு வர யாருக்கு நேரம்? தேவை அதிகமா இருக்குறதும் அங்கதான். அதனாலதான் மீட்டிங்குக்கு அவங்க வரணும்னு காத்திருக்காம நாம அந்த ஆறு வீட்டுக் கதவ போய்த் தட்டணும்னு சொல்றேன்.

இப்ப அந்த "புது ஆள் போட்டோ" விஷயத்துக்கு வரேன், இத பத்திப் பேசாம இருக்க முடியல. ஒரு குழுவுல ஒரு பையனோட போட்டோ வந்துச்சு, கையில பை, ஒரே வீட்டு வாசல்ல காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ நிக்கிறான்னு. நாப்பது பேர் அத ஃபார்வர்ட் பண்ணாங்க. நானும் அந்தக் குரூப்ல இருந்தேன், பாத்தேன், ஒண்ணும் சொல்லல, அது என் தப்பு. அந்தப் பையன் அந்த வீட்ல படுத்த படுக்கையா இருந்த பெரியவருக்கு டிரெஸ்ஸிங் மாத்த வர்ற நர்ஸ். மூணாவது நாள் ரெண்டு பேர் வழிமறிச்சு பைய பிரிச்சுக் காட்டச் சொன்னாங்க, பஞ்சும் பேண்டேஜும் ரோட்ல விழுந்துச்சு. அதுக்கப்பறம் அவன் வரல. பெரியவரோட மகள் வேற ஆள் தேடி அலைஞ்சாங்க, அதுவரைக்கும் புண்ணு என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் எனக்கு மனசு கேக்கல.

இது சின்ன உதாரணம். 2018ல இந்தியாவுல பிள்ளை புடிக்கிற கும்பல் வந்திருக்குன்னு வாட்ஸ்அப்ல சுத்தின வதந்திய நம்பி கூட்டம் கூடி அப்பாவி ஜனங்கள அடிச்சே கொன்னுச்சு, பல மாநிலத்துல. வழி கேட்டு நின்னவங்க, ஊருக்குப் புதுசா வந்தவங்க. அந்த ஜூலையிலதான் ஒரு மெசேஜ இந்தியாவுல ஒரே நேரத்துல அஞ்சு சாட்டுக்கு மேல ஃபார்வர்ட் பண்ண முடியாதுன்னு வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டு வந்துச்சு. அமெரிக்காவுல ஃபுளோரிடாவுல சான்ஃபோர்ட்ல 2012 பிப்ரவரி 26 ராத்திரி, டிரேவான் மார்ட்டின்னு 17 வயசுப் பையன், கறுப்பினப் பையன், கையில ஆயுதம் எதுவும் இல்ல, கடைக்குப் போய்ட்டு நடந்து வந்துக்கிட்டு இருந்தான். கண்காணிப்புக் குழுவுல இருந்த ஒருத்தர் சந்தேகப்பட்டு போலீஸுக்கு போன் பண்றாரு, பின்னாடியே போறாரு, அந்தப் பக்கம் போன்ல இருந்தவங்க "நீங்க அப்படிச் செய்யத் தேவையில்ல"ன்னு சொல்றாங்க. கடைசியில அந்தப் பையன் சுடப்பட்டு செத்தான். சுட்டவர 2013ல கோர்ட் விடுதலை பண்ணிச்சு, அந்த வாதப் பிரதிவாதத்துக்குள்ள நான் போகல. பின்னாடி போகாதீங்க, மறிக்காதீங்க, ஆயுதம் எடுக்காதீங்கன்னு கண்காணிப்புக் குழுவுக்கு நாங்க சொல்றதெல்லாம் ஏதோ ஃபார்மாலிட்டிக்கு இல்ல.

ஆள பாக்காதீங்க, செய்கைய பாருங்க. "ஒரு மாதிரியா இருந்தான்"ங்கறது தகவலே இல்ல. "நாலு வீட்டு கேட்டத் தள்ளித் தள்ளிப் பாத்தான், அஞ்சாவது கேட் திறந்திருந்துச்சு, உள்ள எட்டிப் பாத்துட்டு வெளிய வந்தான்"ங்கறது தகவல். நெக்ஸ்ட்டோர்ங்கற அக்கம்பக்க ஆப்ல ஜனங்க நிறத்த மட்டும் வச்சு சந்தேகப் பதிவு போட்டுக்கிட்டே இருக்காங்கன்னு புகார் வந்தப்ப, 2016ல அந்தப் படிவத்தயே மாத்தினாங்க: என்ன செஞ்சாங்கன்னு எழுதணும், இனத்த எழுதினா கூடவே டிரெஸ், செருப்பு, முடின்னு வேற அடையாளமும் எழுதணும். அந்த மாதிரிப் பதிவு 75 சதவீதம் குறைஞ்சுதுன்னு அந்த கம்பெனியே சொல்லுச்சு. போலீஸா சொல்றேன், செருப்பும் பேன்ட்டும் எங்களுக்கு ரொம்ப உதவும். சட்டைய ஓடுற வழியிலயே கழட்டிப் போட்ருவான், செருப்ப மாத்த மாட்டான்.

இப்ப நடந்துக்கிட்டு இருக்குன்னா முதல்ல அவசர நம்பர், அப்பறந்தான் குரூப். இத எத்தன தடவ சொன்னாலும் மாத்தித்தான் செய்றாங்க, குரூப்ல "யாராவது போலீஸுக்கு சொல்லுங்கப்பா"ன்னு போட்டுட்டு எல்லாரும் யாரோ சொல்லிருப்பாங்கன்னு இருந்துர்றாங்க. பத்து பேர் கூப்ட்டாலும் எங்களுக்குத் தொல்லை இல்ல, யாருமே கூப்பிடாததுதான் பிரச்சனை. போன்ல முதல்ல இடத்த சொல்லுங்க, லைன் கட் ஆனாலும் வண்டி கெளம்பிரும். அப்பறம் என்ன நடக்குது, எத்தன பேர், எந்தப் பக்கம் போறாங்க, வண்டி நம்பர்ல எத்தன எழுத்து தெரிஞ்சாலும் சரி.

கேமரா பத்தி கேப்பீங்க. கேமரா நல்லா வேலை செய்றது பார்க்கிங் ஏரியாவுலன்னு ஆய்வுகள் காட்டுது, மத்த இடத்துல பலன் கம்மிதான். குழுவுல பணம் கொஞ்சமாத்தான் இருக்குன்னா நான் முதல்ல லைட்டச் சொல்வேன். நியூயார்க்ல 2016ல அரசு குடியிருப்புகள்ல குலுக்கல் முறையில சில எடத்த எடுத்து புதுசா பெரிய லைட் டவர் வச்சுப் பாத்தாங்க, ராத்திரி வெளியில நடக்குற பெரிய குற்றங்கள் 36 சதவீதம் குறைஞ்சுது. கேமராவே வாங்கினாலும் பின்பக்கச் சந்த மறக்காதீங்க.

இன்னொண்ணு, போலீஸ் பக்கத்துலயும் செய்ய வேண்டியது இருக்கு, அத மறைச்சுட்டுப் பேச எனக்கு விருப்பம் இல்ல. சிகாகோவுல 1993ல அஞ்சு காவல் மாவட்டத்துல ஆரம்பிச்ச திட்டத்துல ஒவ்வொரு பீட்டுக்கும் ஜனங்களோட மீட்டிங் வச்சாங்க. அதுல ஜனங்க கொண்டு வந்தது கொலை கொள்ளை மட்டும் இல்ல, பூட்டிக் கெடக்குற பாழடைஞ்ச கட்டடம், எரியாத லைட்டு, ரோட்ல கைவிட்ட கார், குப்பை. அதையெல்லாம் "இது போலீஸ் வேலை இல்ல"ன்னு தள்ளாம நகர நிர்வாகத்த வச்சு சரி பண்ணிக் குடுத்தாங்க. என் ஸ்டேஷன்ல ஒரு காலத்துல நாங்க தள்ளிருக்கோம். தள்ளினதுக்கு அப்பறம் அடுத்த மீட்டிங்குக்கு வந்தவங்க எண்ணிக்கை பாதியாச்சு, அதுக்கடுத்த மீட்டிங்ல எங்க ஆளுங்கதான் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம்.

அந்தம்மா வீட்டுக்கு ரெண்டாவது திருட்டுக்கு அப்பறம் கதவுச் சட்டத்தயே மாத்தினோம், நானும் கூட நின்னேன். பின்பக்கச் சந்துல இருக்குற வீட்டுக்காரர் கார்மென்ட்ஸ்ல நைட் ஷிஃப்ட், ராத்திரி ரெண்டே காலுக்கு வருவாரு, வரும்போது டார்ச்ச அந்தக் கதவுமேல ஒரு தடவ அடிச்சுட்டுப் போங்கன்னு கேட்டோம். ஒரு மாசம்னுதான் கேட்டோம். நாலு மாசம் கழிச்சு நான் போனப்ப அந்தம்மா சொன்னாங்க, "அந்த வெளிச்சம் ஜன்னல்ல வந்து போகும் தம்பி, அதுக்கப்பறந்தான் எனக்குத் தூக்கம் வருது"ன்னு.