புதிய கருவி, பழைய உரிமம்

அணுமின் நிலையம் ஒன்றில், அவசரக் குளிர்விப்புக் குழாயில் இருக்கும் வால்வின் மோட்டார் தேய்ந்துவிட்டது. அதே மாதிரி மோட்டாரை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. கிடைப்பது அதைவிடச் சற்று வலிமையானது. மாட்டிவிடலாமா?

வலிமை கூடினால் அது இழுக்கும் மின்சாரமும் கூடும். வெளியிலிருந்து மின்சாரம் வராமல் போகும் நாளில் அந்தச் சுமையை டீசல் ஜெனரேட்டர் தாங்கியாக வேண்டும். எடை கூடியிருந்தால், நிலநடுக்கத்தின்போது வால்வைத் தாங்கும் குழாய் ஆடும் விதம் மாறும். வால்வு மூடும் வேகம் மாறினால், ‘இத்தனை விநாடிகளில் மூடும்’ என்று நம்பிப் போட்ட விபத்துக் கணக்கு தவறிப்போகும். மோட்டாரில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் எந்தக் கணக்கை நம்பி நிலையத்துக்கு உரிமம் கொடுத்தார்களோ, அந்தக் கணக்கு இன்னும் செல்லுமா என்று பார்த்தாக வேண்டும். கருவி மாற்றங்களின் பாதுகாப்பு மதிப்பாய்வு என்பது சாரத்தில் இதுதான்.

அமெரிக்காவில் இதை ஆளும் விதிக்கு 50.59 என்று பெயர். உரிமத்துக்காகத் தாக்கல் செய்த பாதுகாப்புப் பகுப்பாய்வு அறிக்கையில் சொல்லப்பட்ட ஒரு பணியை மாற்றம் பாதிக்கக்கூடும் என்றால், நிலைய நிறுவனம் எட்டுக் கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். ஏற்கெனவே ஆராய்ந்த விபத்து நேரும் வாய்ப்பு மிகச் சொற்ப அளவுக்கு மேல் கூடுமா, அதன் விளைவு மோசமாகுமா, இதுவரை எண்ணிப் பார்க்காத வகை விபத்துக்கு வழி திறக்குமா, கதிரியக்கத்தைத் தடுத்து நிறுத்தும் அரண்களின் வரம்பு மீறப்படுமா என்று அவை நீளும். எட்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது: கணக்கிடும் முறையையே மாற்றுகிறீர்களா? இரும்பைத் தொடாமல் சூத்திரத்தை மட்டும் மாற்றினாலும் அதுவும் ஒரு மாற்றமே.

ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்று விடை வந்தாலும் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்திடம் உரிமத் திருத்தம் கேட்க வேண்டும். அது பொது அறிவிப்பாக வெளிவரும். பாதிக்கப்படக்கூடியவர்கள் விசாரணை கோரலாம். எட்டுக்கும் ‘இல்லை’ என்றால் நிறுவனமே மாற்றத்தைச் செய்துகொள்ளலாம். காரணங்களை எழுதிவைத்து, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது சுருக்கத்தை ஆணையத்துக்கு அனுப்பினால் போதும். ஆய்வாளர்கள் அவற்றில் சிலவற்றை எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

இந்த ஏற்பாட்டில் தவறில்லை என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு திருகாணிக்கும் அனுமதி கேட்டால், கவனம் வேண்டிய மாற்றம் காகிதக் குவியலில் புதைந்துபோகும். ஆனால் முழுப் பாரமும் முதல் வரியில் போய் விழுகிறது: இந்த மாற்றத்தை எப்படி விவரிக்கிறோம்? ‘பழையதைப் போன்றதே’ என்று எழுதிவிட்டால், பின்வரும் கேள்விகள் கூர்மை இழந்துவிடுகின்றன.

கலிபோர்னியாவில் பசிபிக் கரையோரம் இருந்த சான் ஓனோஃப்ரே நிலையத்தின் கதை இதைத்தான் காட்டுகிறது. அதன் 2, 3-ஆம் அலகுகளில் (ஒவ்வொரு அலகும் ஓர் உலை) இருந்த நான்கு நீராவி உற்பத்திக் கலன்களையும் மாற்ற சதர்ன் கலிபோர்னியா எடிசன் நிறுவனம் முடிவு செய்தது. புதியவற்றை மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் செய்துகொடுத்தது. அணு உலையில் சூடான நீர் இந்தக் கலனுக்குள் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள் வழியே ஓடும். வெளியே இருக்கும் நீர் கொதித்து நீராவியாகும். குழாய்ச் சுவரின் தடிமன் சுமார் ஒரு மில்லிமீட்டர். கதிரியக்க நீரைத் தூய நீராவியிலிருந்து பிரிப்பது அந்த ஒரு மில்லிமீட்டர்தான்.

பழைய குழாய்களின் உலோகம் அரிப்பில் விரிசல் விடும் வகை. அதனால் அலாய் 690 என்ற மேம்பட்ட உலோகத்தைத் தேர்ந்தார்கள். நல்ல முடிவு. ஆனால் அது வெப்பத்தைச் சற்றுக் குறைவாகவே கடத்தும். அதை ஈடுகட்டக் கூடுதல் குழாய்கள் வேண்டும். அவற்றுக்கு இடம் வேண்டுமே என்று கலனின் நடுவே இருந்த தாங்கு தூணை எடுத்தார்கள். ஒவ்வொரு கலனிலும் 9,350 ஆக இருந்த குழாய்கள் 9,727 ஆயின. ஒவ்வொரு படிக்கும் நியாயம் இருந்தது. முடிவில் உள்ளே நீராவி ஓடும் பாங்கு மாறிவிட்டது. வெப்பமும் ஓட்டமும் கணக்கிட்ட மிட்சுபிஷியின் கணினி நிரலோ நீராவியின் வேகத்தை 3 முதல் 4 மடங்கு வரை குறைத்துச் சொன்னது. மாற்றத்தின் பெரும்பகுதி 50.59 விதியின்கீழ் முன் அனுமதியின்றியே நடந்தது.

குழாய்க் கூட்டத்தின் குறுக்கே பாயும் நீராவிக்கு ஒரு எல்லை வேகம் உண்டு. அதற்குக் கீழே குழாய் லேசாக அதிர்ந்து அடங்கிவிடும். அதைத் தாண்டினால், குழாயின் அசைவே சுற்றியுள்ள ஓட்டத்தை வளைக்கும். வளைந்த ஓட்டம் குழாயை மேலும் தள்ளும். ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளுவதுபோல ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். ஈரம் குறைந்த நீராவியில் இந்த ஆட்டத்தை அடக்கும் நீர்ப்படலமும் குறைவு.

அதிர்வைத் தடுக்கக் குழாய்களுக்கு இடையே தகட்டுப் பட்டைகள் இருந்தன. ஆனால் அவை ஒரு திசை ஆட்டத்தையே மறித்தன. மற்றத் திசையில் உராய்வு மட்டுமே துணை. 3-ஆம் அலகின் கலன்கள் 2-ஆம் அலகினுடையவற்றைவிடத் துல்லியமாகச் செய்யப்பட்டிருந்தன. அந்தத் துல்லியத்தால் பட்டைகள் குழாய்களை அழுத்தாமல் மென்மையாகத் தொட்டன, உராய்வு குறைந்தது, குழாய்கள் ஒன்றோடொன்று மோதித் தேய்ந்தன. தரம் கூடியதே பிடியைத் தளர்த்தியது என்பதைப் படித்தபோது நான் உறைந்துபோனேன்.

2012 ஜனவரி 31 அன்று, ஓராண்டுகூட ஓடாத 3-ஆம் அலகில் ஒரு குழாய் கசிந்தது. ஊழியர்கள் உலையை உடனே நிறுத்தினார்கள். வெளியேறிய கதிரியக்கம் மிகச் சிறிது. பின்னர் நடந்த அழுத்தச் சோதனையில் அந்த அலகின் எட்டுக் குழாய்கள் தேறவில்லை. இரண்டு அலகுகளிலும் 3,000-க்கும் மேற்பட்ட குழாய்களில் தேய்மானம் தெரிந்தது.

2-ஆம் அலகை மட்டும் 70 சதவீதத் திறனில் ஓட்ட நிறுவனம் அனுமதி கேட்டது. நீராவியின் வேகம் குறைந்தால் குழாய்களின் ஆட்டமும் தொடங்காது என்பது கணக்கு. ஆனால், அப்படி ஓட்டுவது ஏற்கெனவே உள்ள உரிமத்துக்குள் அடங்குமா, திருத்தம் வேண்டுமா? 2013 மே மாதம், ஆணையத்தின் உரிமத் தீர்ப்பாயம் இது நடைமுறையில் உரிமத் திருத்தமே என்றும், பொது விசாரணைக்கு உட்பட்டது என்றும் சொன்னது. கலன்களை மாற்றியபோது கேட்கப்படாத விசாரணை இப்போது வாசலுக்கு வந்தது. ஜூன் 7 அன்று, இரண்டு அலகுகளையும் நிரந்தரமாக மூடுவதாக நிறுவனம் அறிவித்தது.